பனிமலை யாத்திரைக்கு எந்த மேலாடை?

பனிமலைத் தலங்களுக்குப் புறப்படும் அடியார் முன்னால் இரண்டு மேலாடைகள் இருக்கின்றன. ஒன்று ஷெல் ஜாக்கெட். காற்றையும் நீரையும் தடுக்கும் மெல்லிய உறை அது. உள்ளே பஞ்சு கிடையாது. மற்றது பஞ்சடைத்த ஜாக்கெட். வாத்தின் மென்னிறகையோ செயற்கை இழையையோ திணித்து, உடலின் சூடு வெளியேறாமல் பிடித்து வைப்பது. எது சிறந்தது என்பது பனிச்சறுக்கு ஆடுவோரிடையே ஓயாமல் நடக்கும் வழக்கு. பத்ரிநாத் போகும் சாலையில் ஜோஷிமடத்துக்கு மேலே உள்ள ஔலியில் குளிர்காலத்தில் சறுக்க வருகிறவரும், அதே சாலையில் கோடையில் பத்ரிநாராயணனைச் சேவிக்கப் போகிறவரும் இதே கேள்வியோடுதான் மலையேறுகிறார்கள். ஆனால் அடியாருக்கு அதற்கு முன்பே இன்னொரு கேள்வி எழுகிறது. குளிரைத் தாங்குவதுதானே தவம்? உடம்பைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்துக்கொண்டு போனால் அது யாத்திரையா, சுற்றுலாவா?

பேராக் மாநிலத்திலிருந்து புறப்படுகிறவர்களுக்கு இக்கேள்வி கூடுதல் கனமுடையது. ஈப்போவில் பகல் வெப்பம் பெரும்பாலும் 32, 33 டிகிரி. இரவிலும் 23-க்குக் கீழே போவது அரிது. தைப்பிங்கை ஒட்டிய புக்கிட் லாருட்டும், எல்லைக்கு அப்பாலுள்ள கேமரன் மலையும்தான் இங்குள்ளவர் அறிந்த பெருங்குளிர். அங்கும் ஒரு கம்பளிச் சட்டை போதும். கேதார்நாத் 3,583 மீட்டரிலும் அமர்நாத் குகை 3,888 மீட்டரிலும் இருக்கின்றன. கயிலையை வலம்வருவோர் கடக்க வேண்டிய தோல்மா கணவாய் 5,600 மீட்டரைத் தாண்டியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கை வைத்துப் பார்த்தாலே, ஈப்போவில் வளர்ந்த உடம்புக்கு அங்கே முன்னனுபவம் என்று எதுவும் இல்லை என்பது விளங்கும்.

குளிரில்தான் முன்னனுபவம் இல்லை. மழையில் உண்டு. சுங்கை சிப்புட் பக்கத்திலும் ஈப்போவைச் சுற்றியும் இருந்த ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்பே மரம் சீவப் போவார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் கொசுவுக்கும் பால் கறைக்கும் காப்பு. மழை பெய்துவிட்டால் பட்டை நனைந்து பால் வழிந்தோடிவிடும். அன்றைக்கு வேலை இல்லை. நனைந்த உடம்போடு காற்றில் நிற்காதே, தலையைத் துவட்டு என்று பிள்ளைகளை அதட்டிய லயத்துப் பெரியவர்கள் பனியைக் கண்டதில்லை. ஆனால் உடலைக் குளிர வைப்பது ஈரமும் காற்றும் என்பதைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். தடிமனைத் தொட்டுப் பார்த்து ஜாக்கெட் வாங்கும் பேரப்பிள்ளைகளை விட அவர்கள் உண்மைக்கு அருகில் இருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

எந்த ஆடையும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உண்டாக்குவது உடல். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. மேட்டில் ஏறும்போது அது சில மடங்காகப் பெருகுகிறது. பஞ்சு செய்வதெல்லாம் அசையாத காற்றைத் தன் இழைகளுக்குள் பிடித்து வைப்பதுதான். அந்தக் காற்றைக் கலைக்க வல்லவை இரண்டு. பலத்த காற்று ஒன்று, நீர் மற்றொன்று. நீர், காற்றைப் போல் ஏறத்தாழ 25 மடங்கு வேகத்தில் வெப்பத்தைக் கடத்தும். இறகு நனைந்தால் கட்டிதட்டிப் படிந்து, பிடித்து வைத்த காற்றை இழந்துவிடும். செயற்கை இழை ஓரளவு தாங்கும். வெளியிலிருந்து வரும் மழைதான் நனைக்கும் என்பதில்லை. ஏறுகிறவரின் வியர்வையும் உள்ளிருந்து நனைக்கும். கனத்த பஞ்சு ஜாக்கெட்டோடு ஏறி, உச்சியில் வியர்வையோடு நிற்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

ஷெல்லின் வேலை அந்தக் கலைப்பைத் தடுப்பது. அதன் அடியில் இருப்பது பெரும்பாலும் நுண்துளைகள் நிறைந்த ஒரு படலம். டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்தால் அது நுண்துளைத் தாளாக விரிகிறது என்று அமெரிக்கரான ராபர்ட் கோர் 1969-இல் கண்டார். 1970-களின் நடுவில் அது கோர்-டெக்ஸ் என்ற பெயரில் மழையாடையானது. நீர்த்துளி நுழைய முடியாத துளைகள் வழியே நீராவி வெளியேறிவிடும். பழைய ரப்பர் மழைக்கோட்டு மழையை நிறுத்தியது, வியர்வையையும் உள்ளேயே நிறுத்தியது. ஷெல் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. முழுதும் தீர்த்தது என்று விளம்பரம் சொல்வதை நம்ப வேண்டியதில்லை.

இனித் தவத்தின் கேள்வி. குளிரும் வெப்பமும் வந்து போகிறவை, பொறுத்துக்கொள் என்று கீதை இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொல்வதை எடுத்துக்காட்டி, ஜாக்கெட்டே கூடாது என்று வாதிடுகிறவர் உண்டு. அதே கீதையின் பதினேழாம் அத்தியாயம், சாத்திரம் விதிக்காத கடுந்தவத்தால் உடலை வருத்துகிறவர்களைக் கடிகிறது. அவர்கள் உள்ளே உறையும் தன்னையும் வருத்துகிறார்கள் என்கிறான் கண்ணன். மூடப் பிடிவாதத்தால் தன்னை வதைத்துச் செய்யும் தவத்துக்குத் தாமசம் என்று பெயரிட்டுக் கடைசித் தட்டில் வைக்கிறான். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு பொருள்தான் கிடைக்கும். தானே வரும் குளிரைப் பொறுக்க வேண்டும். குளிரை வலிந்து தேடி அதைத் தன் பெருமையாக்கக் கூடாது.

வள்ளுவர் தவத்துக்கு வகுத்த உருவம் இன்னும் கூர்மையானது. தனக்கு வரும் துன்பத்தைத் தாங்குவதும், பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையும் என்று இரண்டையும் ஒரே குறளில் இணைக்கிறார். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்ளும் அடியார் இரண்டாவதை மறந்துவிடுகிறார். போதிய ஆடையின்றி மலையில் விறைத்து விழுகிறவரை யாரோ ஒருவர் முதுகில் சுமந்து இறக்க வேண்டும். உடன்வந்த குழு யாத்திரையை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவருடைய தவத்தின் விலையைப் பிறர் கட்டுகிறார்கள். 1996 ஆகஸ்டில் அமர்நாத் வழியில் திடீரென மழையும் பனிப்புயலும் தாக்கியபோது 240-க்கும் மேற்பட்ட யாத்திரிகர்கள் குளிராலும் களைப்பாலும் மாண்டார்கள். அவர்களுடைய பக்தியில் குறை காண யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதன்பின் அமைந்த நிதீஷ் சென்குப்தா குழு யாத்திரிகர் எண்ணிக்கைக்கு வரம்பு கேட்டது. இன்று மருத்துவச் சான்று இல்லாமல் அங்கே அனுமதி கிடையாது.

சைவருக்குக் கயிலை என்றதும் நினைவுக்கு வருகிறவர் அப்பர். முதிர்ந்த வயதில் கயிலை காணப் புறப்பட்டவர், பாதம் தேய்ந்த பின் கையால் ஊன்றியும், அதுவும் தேய்ந்த பின் மார்பால் உந்தியும், பின்பு புரண்டும் போனதாகப் பெரியபுராணம் விரிக்கிறது. முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப் போகச் சொன்னபோது அவர் மறுத்தார். இதை வைத்து, உடல் அழிந்தாலும் முன்னேறுவதே பக்தி என்று சொல்லிவிடுவது எளிது. கதை அங்கே நிற்கவில்லை. இறைவன் அவருடைய தேய்ந்த உறுப்புகளை மீட்டுக் கொடுக்கிறான். அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றுக் குளத்தில் எழச் செய்து, கயிலைக் காட்சியை அங்கேயே தருகிறான். அப்பரின் உறுதியை மெச்சிய இறைவன் உடல் தேய்வதை ஏற்கவில்லை. மலைக்குப் போக முடியாத உடம்புக்கு மலையே காவிரிக் கரைக்கு வந்தது. தனு, கரணம், புவனம், போகம் ஆகியவை உயிர் மலம் நீங்குவதற்காக இறைவன் கொடுத்தவை என்பது சைவ சித்தாந்தம். கொடுத்தவனின் பொருளை வீணாக உடைப்பது எப்படி அவனுக்கு வழிபாடாகும்? உடம்பை வளர்த்ததால் உயிரை வளர்த்தேன் என்ற திருமூலரின் நிலையும் இதுதான்.

வைணவத்தில் திருமங்கையாழ்வார் இதையே வேறு வழியில் சொல்கிறார். பத்ரி தமிழ் ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசங்களில் ஒன்று. பெரிய திருமொழியில் அதற்கான ஒரு பதிகம், முதுமையின் தளர்ச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அவை வருமுன் வதரியை, அதாவது பத்ரியை, வணங்கச் சொல்கிறது. கால் தள்ளாடி இருமல் மிஞ்சிய பின் வராதே, வலுவிருக்கும்போதே வா என்பது கடவுள் வாழ்த்து மட்டுமன்று, மலையேற்றக் குறிப்பும் கூட. ஓய்வு பெற்ற பின் போகலாம் என்று அறுபது வயது வரை ஒத்திப்போடும் மலேசியத் தமிழர் வழக்கத்துக்கு அது நேரான எச்சரிக்கை.

ஆடையின் அளவு எவ்வளவு என்ற கேள்விக்கு நேரடியாக விடை கண்டவர் புத்தர். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளில் கல்லுமலை முருகனும் சாம் போ தோங், பேராக் தோங் புத்தர்களும் இருப்பதால் இவ்வூராருக்குப் புத்தரைத் தூரத்துத் தெய்வமாகக் கருதத் தேவையில்லை. விநய பிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு செய்தி வருகிறது. பிக்குகள் துணி மூட்டைகளைத் தலையிலும் தோளிலும் இடுப்பிலும் சுமந்து போவதைப் புத்தர் பார்த்தார். எவ்வளவு போதும் என்று முடிவு செய்ய, பனி விழும் குளிர்கால இரவொன்றில் வைசாலியில் வெட்டவெளியில் ஒற்றை ஆடையோடு உட்கார்ந்தார். முதல் யாமம் வரை குளிரவில்லை. யாமம் முடிந்ததும் குளிர்ந்தது, இரண்டாவதைப் போர்த்தினார். நடுயாமம் முடிந்ததும் மூன்றாவது. கடையாமம் முடிந்து கிழக்கு வெளுக்கும்போது நான்காவது. அதன்பின் விதித்தார்: ஒற்றை மடிப்பில் ஓர் அரையாடை, ஒற்றை மடிப்பில் ஒரு மேலாடை, இரட்டை மடிப்பில் ஒரு போர்வை. மொத்தம் மூன்று ஆடை, நான்கு அடுக்கு. குளிருக்கு அஞ்சும் மெல்லிய உடலினரும் இதில் வாழலாம் என்பது அவர் கண்ட கணக்கு.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அளவை அவர் மனவுறுதியால் முடிவு செய்யவில்லை, உடலைக் கேட்டு முடிவு செய்தார். குளிர்ந்தபோது குளிர்கிறது என்று ஒப்புக்கொண்டார். கடுந்தவத்தைத் தானே செய்து பார்த்துக் கைவிட்டவர் வேறு எப்படியும் செய்திருக்க மாட்டார். அடுத்தது, விடையாக அவர் ஒரே தடித்த போர்வையைக் கொடுக்கவில்லை. கழற்றவும் கூட்டவும் கூடிய அடுக்குகளைக் கொடுத்தார். இன்றைய மலையேறிகள் உள்சட்டை, இடைக் கம்பளி, ஷெல் என்று பிரிப்பதன் தருக்கம் அப்படியே இங்கே இருக்கிறது. முன்னிரவின் குளிரும் விடியற்காலையின் குளிரும் ஒன்றல்ல என்ற அறிவுதான் இரண்டுக்கும் அடிப்படை.

ஷெல்லும் பஞ்சும் ஒன்றுசேர்ந்த ஆடைக்கான முன்மாதிரி பத்ரிநாத்திலேயே இருக்கிறது. கார்த்திகை வாக்கில் கோயில் நடை அடைக்கும் நாளில், திபெத் எல்லையை ஒட்டிய மாணா கிராமத்துப் பெண்கள் நெய்த கம்பளியில் நெய் பூசி மூர்த்திக்குப் போர்த்துகிறார்கள். சித்திரை, வைகாசியில் நடை திறக்கும்வரை ஏறத்தாழ ஆறு மாதம் பனிக்குள் அந்தப் போர்வையோடு பத்ரிநாராயணன் இருக்கிறான். கம்பளி காற்றைப் பிடிக்கிறது, நெய் ஈரத்தை மறுக்கிறது. திறக்கும்போது அதைக் களைந்து பிரசாதமாகப் பகிர்வார்கள். தமிழ்நாட்டிலும் கைசிக ஏகாதசியன்று திருவரங்கத்து நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றப்படுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் 108 போர்வைகள். உண்டா இல்லையா என்று தெரியாத குளிருக்காகத் தெய்வத்துக்குப் போர்வை சாற்றும் சமயம், உண்மையாகவே நடுங்கும் அடியாரை வெறும் மேலோடு நிற்கச் சொல்லும் என்று நினைப்பதற்கு இடமே இல்லை. பத்ரியின் தலைமை அர்ச்சகரான ராவல் மரபுப்படி கேரளத்து நம்பூதிரி. பனி விழாத கடற்கரை நாட்டிலிருந்து வந்த அவரும் அங்கே கம்பளியோடுதான் பூசை செய்கிறார்.

வெறும் மேல் என்றதும் இன்னொரு தயக்கம். தமிழர் கோயிலில் ஆண்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பது மரியாதை. தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலையில் காவடி எடுப்பவர் மேலாடை இல்லாமல் வருகிறார். அப்படிப் பழகியவருக்குக் கனத்த ஜாக்கெட்டோடு கேதாரநாதன் முன் நிற்பது உறுத்தும். இது தேசாசாரம் சார்ந்த விஷயம். இடம் மாறினால் ஆசாரம் மாறும் என்பதைத் தர்ம சாத்திரங்களே ஏற்கின்றன. பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. சேலையே மங்கலம் என்று கருதுகிறவர்கள் பலர். அமர்நாத் கோயில் வாரியமோ யாத்திரைக்குச் சேலை ஏற்றதன்று, சல்வார் கமீசோ கால்சட்டையோ உடுத்தி வாருங்கள் என்று வெளிப்படையாகவே அறிவுறுத்துகிறது. கோயிலை நடத்துகிறவர்களே சொன்ன பின் வீட்டில் வாதத்துக்கு வேலையில்லை. நனைந்த சேலை முழங்காலில் ஒட்டிக்கொள்ளும்போது மேலே எந்த ஜாக்கெட் போட்டிருந்தும் பயனில்லை.

கொல்லாமையின் கேள்வி இவ்வளவு எளிதில் தீராது. பஞ்சு ஜாக்கெட்டில் எடைக்கு எடை அதிகச் சூடு காப்பது வாத்து, பெருவாத்து ஆகியவற்றின் மென்னிறகு. அது பெரும்பாலும் இறைச்சித் தொழிலின் உபபொருள். உயிரோடு பிடுங்கும் வழக்கமும் இருந்தது. அதைத் தவிர்க்கவே 2014 முதல் ஒரு பன்னாட்டுத் தரச்சான்று நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் கொன்ற பறவையின் இறகு கொன்ற பறவையின் இறகுதான். புலால் மறுத்து விரதம் இருந்து கயிலைக்குப் போகிறவர் அதை மார்பில் போர்த்திக்கொள்வது பொருந்தாது. கொல்லாமையை முன்னிட்டுப் பட்டு வேண்டாம் என்று காஞ்சிப் பெரியவர் சொன்னதை ஏற்றவர்களுக்கு இது தானாகவே விளங்கும். ஆட்டைக் கொல்லாமல் கத்தரிக்கும் கம்பளிக்கு அந்தத் தடை இல்லை. செயற்கை இழை பெட்ரோலியப் பிளாஸ்டிக். அது உதிர்க்கும் நுண்துகள் ஆற்றில் சேர்கிறது. குற்றமே இல்லாத ஆடை கிடைக்காது. இருப்பவற்றில் செயற்கை இழையின் குற்றம் சிறியது, நனைந்தாலும் காப்பது அதன் கூடுதல் நன்மை. இன்னும் சிறந்தது இரவல். கயிலை யாத்திரை நடத்தும் நேபாள முகவர்கள் பலர் பஞ்சு ஜாக்கெட்டைப் பயண நாள்களுக்குத் தந்து திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு முறை போட்டுவிட்டு ஈப்போ வெயிலில் அலமாரியில் பூசணம் பிடிக்க விடுவதைக் காட்டிலும் இது மேல். மடி பார்ப்பவர் பிறர் போட்டதைப் போடத் தயங்குவார். கந்தல் துணியைப் பொறுக்கித் தைத்து உடுத்திய பிக்குகள் அந்தத் தயக்கத்துக்கு நல்ல பதில்.

கயிலை வலப்பாதையில் தோல்மா கணவாய்க்குச் சற்றுக் கீழே சிவ சல் என்ற இடத்தில் யாத்திரிகர்கள் தம் ஆடையொன்றைக் கழற்றி விட்டுச் செல்வார்கள். பழைய வாழ்வை அங்கே விட்டதாகப் பொருள். கிழிந்த ஆடையைக் களைவதுபோல் உயிர் உடலைக் களைகிறது என்ற கீதைக் கருத்து அங்கே கண்முன் கிடக்கும். ஆனால் சடங்கு ஆர்வத்தில் ஜாக்கெட்டையே விட்டுவிட்டுக் கணவாய் ஏறுவது அறியாமை. ஒரு கைக்குட்டையும் ஆடைதான்.

ஆக, முடிவு ஏறுகிற விதத்தைப் பொறுத்தது. நடந்து ஏறுகிறவர் தம் சூட்டைத் தாமே உண்டாக்குகிறார். அவருக்குத் தேவை ஷெல்லும், அதற்குள் கழற்றிப் போடக்கூடிய ஒன்றிரண்டு மெல்லிய கம்பளி அடுக்கும். பஞ்சு ஜாக்கெட் பையில் மடங்கியிருந்து, தங்குமிடம் சேர்ந்த பின் வெளியே வரட்டும். மட்டக்குதிரையிலும் டோலியிலும் போகிறவர் நிலை வேறு. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் முதியவரின் உடல் அவ்வளவு சூட்டை உண்டாக்குவதில்லை. அவருக்கு முதலிலிருந்தே பஞ்சு ஜாக்கெட், மழை வந்தால் அதன்மேல் ஷெல். பேராக்கிலிருந்து போகும் குழுக்களிலும் இந்த இரண்டாவது வகையினர் உண்டு. கனத்த ஒற்றை ஜாக்கெட்டை எல்லாருக்கும் ஒரே மாதிரி வாங்கி, வியர்த்து நடப்பவருக்கும் விறைத்து உட்கார்ந்திருப்பவருக்கும் கொடுக்கும் வழக்கத்தைக் குழுத் தலைவர்கள் கைவிட வேண்டும்.

குதிரையை நடத்திக்கொண்டு பக்கத்தில் நடப்பவரின் உடையையும் ஒரு கண் பார்ப்பது நல்லது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் பழனி மலைப்பகுதியை ஆண்டவன். உடலெல்லாம் இறகு மூடிய பறவைக்குப் போர்வை தேவையில்லை என்பதால் அதைக் கொடைமடம் என்றார்கள், அப்படிச் சொல்லியும் புகழ்ந்தார்கள். குதிரை நடத்துபவருக்குத் தேவை இருக்கிறது என்பதால் அவருக்குக் கொடுப்பதில் மடமும் இல்லை.

வாங்குமுன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பஞ்சு ஜாக்கெட்டை ஈப்போவில் சோதிக்க வழியில்லை. ஷெல்லைச் சோதிக்கலாம். ஊருக்கு மேற்கே நிற்கும் கிளெடாங் குன்று 800 மீட்டர் உயரம். மழை பெய்யும் ஒரு காலையில் ஷெல்லைப் போட்டுக்கொண்டு ஏறிப் பாருங்கள். இறங்கி வரும்போது உள்சட்டை மழையில் நனைந்திருக்கிறதா, வியர்வையில் நனைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். மழையில் நனைந்திருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். வியர்வை என்றால் நடையை மெதுவாக்குங்கள்.